ஃபைபர் காரின் கதவு இடைவெளி: பட்டி டப்பாவைத் திறப்பதற்கு முன்

3 ஏப்ரல் 2022

கார்வெட் என்பது இரும்புக்குப் பதிலாக ஃபைபர் தகட்டால் உடல் செய்த அமெரிக்க செவர்லே கார். அதை வாங்கிய ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 1978 கார்வெட் ஒன்று வாங்கினேன். ஓட்டுநர் கதவின் பின்பக்க இடைவெளி மேலே 2 மில்லிமீட்டர், கீழே 9. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. டிங்கரிங் கடையில், ஃபைபர்தானே, மேலே தேய்த்து, கீழே பட்டி வைத்து இழைத்தால் ஒரே நாளில் நேராகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?"

செய்யாதீர்கள். கதவின் முன்பக்க இடைவெளி எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். அதுவரை பட்டி டப்பா மூடியே இருக்கட்டும்.

3 ஏப்ரல், இரவு

முன்பக்கத்தை ஏன் கேட்டேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கதவு கீலில் தொங்குகிறது. கீல் தேய்ந்து கதவின் பின்முனை இறங்கினால், பின்பக்கத்தில் மேலே நெருக்கும், கீழே அகலும். தம்பியின் காரில் இருப்பது அப்படியே இதுதான். ஆனால் அதே நேரத்தில் முன்பக்கத்தில் இது தலைகீழாக நடக்க வேண்டும்: மேலே அகன்று, கீழே நெருக்க வேண்டும். கதவு ஒரே துண்டு, மொத்தமாகத்தான் சுழலும்.

முன்பக்கத்திலும் மேலேதான் நெருக்கம் என்றால் கதவின் மேல் தப்பில்லை. கதவு உட்காரும் வாசலே மேலே சுருங்கியிருக்கிறது. அதாவது காரின் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. முதலாவதற்குக் கீலைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குக் காரின் அடியில் படுக்க வேண்டும். பட்டி இரண்டுக்கும் மருந்தில்லை.

5 ஏப்ரல் 2022

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே அவசரப்பட்டால் பின்னால் மாதக்கணக்கில் போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

கார் நான்கு சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது, உடலைத் தாங்கும் இரும்புச் சட்டம் (சேசிஸ்) வளையும். என்ஜினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்க வேண்டும். கண்ணாடி, இருக்கை எல்லாம் இருந்தால் இன்னும் நல்லது. மேலே கழற்றி மாட்டும் இரண்டு கூரைப் பலகைகளையும் (டி-டாப்) மாட்டிப் பூட்டுங்கள். தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். என் கராஜ் தரை வாசலை நோக்கி 20 மில்லிமீட்டர் சரிகிறது. பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் கார் வந்த பிறகுதான் தெரிந்தது.

இடைவெளியின் இருபுறமும் மறைப்பு டேப் ஒட்டி, ஒரு சாணுக்கு ஒரு இடத்தில் அளந்து, அந்த எண்ணை அங்கேயே டேப்பில் எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் எந்த எண் எந்த இடம் என்று குழம்பும். அளக்க ட்ரில் பிட்டின் தண்டுப் பகுதி போதும். 4 மில்லிமீட்டர் பிட் நுழைகிறது, 5 நுழையவில்லை என்றால் விஷயம் முடிந்தது.

இடைவெளி மட்டும் போதாது, ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள். கதவு வெளியே துருத்துகிறதா, உள்ளே போயிருக்கிறதா என்பது தனிக் கணக்கு.

இந்த வண்டியில் எதை அசைக்கலாம், எதை அசைக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரும்புக் காரில் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும், தளர்த்தித் தள்ளலாம். 1968 முதல் 1982 வரை வந்த இந்த மூன்றாம் தலைமுறைக் கார்வெட்டில் முன் மட்கார்டுகளும் அவற்றைச் சேர்க்கும் தகடுகளும் பசையால் ஒட்டிய ஒரே கட்டு. பின் மட்கார்டும் அப்படித்தான். அசையக் கூடியவை கதவு, பானெட், விளக்கு மூடிகள், அப்புறம் உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உயரம் சரிசெய்ய வைக்கும் ஷிம் தகடுகள். மீதி பெரும்பாலும் அறுத்து ஒட்டும் வேலை. அதனால்தான் அசையக் கூடியதை முதலில் அசைத்துப் பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

9 ஏப்ரல் 2022

"காந்தம் வைத்துப் பழைய பட்டியைக் கண்டுபிடிக்கலாமே?" இரும்புக் காரில் முடியும். இங்கே காந்தம் எங்கேயும் ஒட்டாது, பட்டி இருக்கும் இடமும் இல்லாத இடமும் அதற்கு ஒன்றுதான்.

நான் செய்தது மூன்று. ஒன்று, நாணயத்தால் தட்டுவது. வெறும் ஃபைபர் கணீரென்று இருக்கும், தடித்த பட்டி மொத்தென்று இருக்கும், ஒட்டு விட்டுப்போன இடம் பொட்டுக் கடலை டப்பா மாதிரி கலகலக்கும். மாமியார் ஒருமுறை பலாப்பழம் தட்டிப் பார்ப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

இரண்டு, உள்பக்கம் பார்ப்பது. இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. தொழிற்சாலைத் தகடு சூடான இரட்டை அச்சில் அழுத்தி எடுத்தது, இரண்டு பக்கமும் வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். கையால் மேட் (கண்ணாடி நூல் விரிப்பு) வைத்து ரெசின் (இறுகும் பிசின்) ஊற்றியவருடைய வேலை உள்பக்கம் சொரசொரவென்று, நூல் துருத்திக்கொண்டு தெரியும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மட்கார்டின் உள்பக்கத்தைக் கழுவி, கையால் தடவிப் பாருங்கள். இருட்டில் பின்னால் விளக்குப் பிடித்தால் இன்னும் தெளிவு: என் காரில் தகடு கருமையாகவே இருந்தது, கையால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. பட்டி இருந்த இடம் அந்தத் தேனுக்குள் ஒரு நிழலாகத் தெரிந்தது.

மூன்று, ஒட்டுப் பட்டைகள். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் பின்னால் ஒரு ஃபைபர் பட்டை வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பட்டை நேராக, ஒரே அகலத்தில் ஓடினால் தொழிற்சாலை ஒட்டு. நடுவில் வெட்டியிருந்தால், அல்லது பாப் ரிவெட் தலை தெரிந்தால், அங்கே யாரோ தகடு மாற்றியிருக்கிறார்கள். என் காரின் வலது முன் மட்கார்டில் பதினான்கு ரிவெட் இருந்தது. பசை காயும்வரை பிடித்துக்கொள்ள அடித்துவிட்டு, கழற்றாமல் அதன்மேலேயே பட்டி பூசியிருக்கிறார்கள். வெயிலில் அலுமினியம் ஒரு அளவு விரியும், ஃபைபர் வேறு அளவு விரியும். பெயின்ட்டின் மேல் வரிசையாகப் பதினான்கு கொப்புளம் தெரிந்தது அதனால்தான். அந்த இடத்தில் பட்டியின் தடிமன் 11 மில்லிமீட்டர். தகடே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான்.

10 ஏப்ரல் 2022

தம்பியின் அளவு வந்துவிட்டது. முன்பக்கம் மேலே 3, கீழே 6. கீலில் ஆட்டம் இல்லை என்கிறார், கதவைத் திறந்து பின்முனையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

அப்படியென்றால் உடல்தான் தொய்ந்திருக்கிறது தம்பி. அடியில் படுங்கள். முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சட்டம் மேலே வளையும் இடத்தில் முக்கியமாக. மண்ணும் உப்பும் அங்கேதான் தங்கும்.

18 ஏப்ரல் 2022

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங் பற்றி எழுத மறந்துவிட்டேன். கதவு துருத்திக்கொண்டு நிற்கிறது, கீலைச் சரிசெய்தும் உள்ளே போகவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பீடிங் புதிதா என்று கேட்டேன். ஆமாம், போன மாதம் மாற்றினேன் என்றார்.

புது ரப்பர் கல் மாதிரி இருக்கும். கதவை வெளியே தள்ளும். பீடிங் இல்லாமல் கதவைச் சமப்படுத்தி, பெயின்ட்டும் அடித்துவிட்டு, கடைசியில் பீடிங் ஒட்டினால் பின் விளிம்பு 4 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அப்போது அழுவதைத் தவிர வழியில்லை. எந்தப் பீடிங்கைக் கடைசியில் போடப் போகிறீர்களோ அதை மாட்டிவிட்டுத்தான் கதவைச் சமப்படுத்த வேண்டும். கதவை மூடியே வைத்துச் சில வாரம் விடுங்கள், ரப்பர் கொஞ்சம் படியும். அதற்கு அப்புறம் அளவெடுங்கள்.

2 மே 2022

ஒரு மாதமாக மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் காரில் நான் செய்த தவறை எழுதாமல் இருப்பது நேர்மையாகப் படவில்லை.

என்னுடையது 1972 கூப்பே. முன்னும் பின்னும் குரோம் பம்பர் வந்த கடைசி வருஷம். அந்த வருஷம் கூப்பேயும் திறந்த காருமாக 27,004 செய்தார்கள், எல்லாமே செயின்ட் லூயிஸ் ஆலையில். 2017-இல் வாங்கியபோது இடது கதவின் பின்பக்கம் மேலே இரண்டரை, கீழே எட்டு. தம்பியின் காரைப் போலவேதான். நான் முன்பக்கத்தை அளக்கவில்லை. பின் மட்கார்டின் விளிம்பைத்தான் யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன். உள்பக்கம் கைவேலை தெரிந்தது, ஆகவே குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

மேல்பகுதியைத் தேய்த்தேன். கீழ்ப்பகுதியில் அந்தப் பழைய ஒட்டை முழுவதும் அரைத்து எடுத்துவிட்டு நான்கு அடுக்கு மேட் வைத்து விளிம்பைக் கட்டினேன். மேலிருந்து கீழ்வரை 5 மில்லிமீட்டர், கோடு கிழித்தது மாதிரி. ப்ரைமரும் அடித்தேன். நண்பர்களை அழைத்துக் காட்டினேன்.

2019-இல் உடல் இருக்கைகளை (உடல் சட்டத்தின்மேல் உட்காரும் தாங்கிகளை) மாற்றலாம் என்று அடியில் படுத்தேன். என் கூப்பேயில் உடல் சட்டத்தின்மேல் எட்டு இடத்தில் உட்காருகிறது. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை ஷிம் போட வேண்டும் என்று ஆலையில் சட்டத்தின் மேலேயே மெழுகுச் சாக்பீஸால் எழுதுவார்கள். இடது பக்கம் நடுவில் ஓர் இருக்கையில் மங்கலாக 3 என்று தெரிந்தது. அங்கே ஒரு ஷிம்கூட முழுசாக இல்லை, துருப் பொடிதான் இருந்தது. மூன்று ஷிம் வைத்து, புதுத் தாங்கி வைத்து முறுக்கினேன். கதவு வாசல் மேலே திறந்துகொண்டது. பின்பக்கம் மேலே 8, கீழே 2. கதவை மூடும்போது கீழே நான் கட்டிய விளிம்பு உரசி, ப்ரைமர் செதில் செதிலாக வந்தது.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது கெட்டுப்போன இரண்டு மாத வேலை அல்ல. நான் அரைத்து எறிந்த அந்தப் பழைய ஒட்டு நல்ல ஒட்டு. அரைக்கும்போதே கை சொல்லியது: பின்னால் ஒட்டுப் பட்டை வைத்து, சரிவு நீளமாகத் தேய்த்து, காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் செய்திருந்தார். மேலே பட்டி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவர் அதைச் செய்த காலத்தில் ஷிம்கள் இருந்திருக்கின்றன, இடைவெளி சரியாக இருந்திருக்கிறது. அவருக்குப் பிறகு உடல் இறங்கியது. நான் அவர்மேல் பழியைப் போட்டு, அவருடைய வேலையைத் தூளாக்கி, குப்பைப் பையில் கட்டிப் போட்டேன்.

3 மே 2022

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "ரிவெட் அடித்தவரும் அந்தக் காலத்து ஆள்தானே, அவரை மட்டும் ஏன் திட்டினீர்கள்?" என்ற கேள்வி நியாயமானது. ரிவெட் வேலை எந்தக் காலத்திலும் தவறான வேலை. ஆனால் அதை நான் வெட்டி எடுத்துப் பார்த்த பிறகே சொல்கிறேன். இடது பக்கத்தை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், வித்தியாசம் அதுதான்.

7 மே 2022

எவ்வளவு சீராக வேண்டும் என்பது பற்றி விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. என் கருத்தையும் வைக்கிறேன்.

இந்தக் கார்கள் ஆலையை விட்டு வரும்போதே இடைவெளி ஒழுங்காக இருந்ததில்லை. 1974-இல் தொடங்கிய என்.சி.ஆர்.எஸ். என்ற மீட்பாளர் சங்கத்தில் மதிப்பெண் போடும்போது, ஆலையிலிருந்து அன்று எப்படி வந்திருக்குமோ அப்படி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதைவிட அழகாக இருந்தால் அங்கே அது குறைதான். அந்தப் போட்டிக்குப் போகிறவர் ஆலையின் கோணலைக் காப்பாற்றட்டும். சாலையில் ஓட்டப் போகிறவர் தன் கண்ணுக்குப் பிடித்தபடி செய்யட்டும். நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு 5 மில்லிமீட்டர், கூடக் குறைய ஒன்று. மூன்றரைக்குக் கீழே போனால் பெயின்ட் தடிமனும் வெயில் விரிவும் சேர்ந்து விளிம்பு உதிரும்.

இன்னொன்றும் உண்டு. இடைவெளி எவ்வளவு என்பதைவிட அது ஒரே மாதிரி ஓடுகிறதா என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். 6 என்றால் கடைசிவரை 6. நாலில் தொடங்கி ஏழில் முடிந்தால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரிந்துவிடும். விளிம்பின் உருட்டும் அப்படித்தான். கதவு விளிம்பு கூராகவும் மட்கார்டு விளிம்பு மழுங்கியும் இருந்தால், அளவு சரியாக இருந்தாலும் இடைவெளி அகலமாகத் தெரியும்.

14 மே 2022

தம்பி, உங்களுடையது 1978 என்பதால் ரெசினில் கவனம் வேண்டும். 1973-க்குப் பிறகு தகடுகள் படிப்படியாக எஸ்.எம்.சி. என்ற பொருளுக்கு மாறின. நறுக்கிய கண்ணாடி நூல், ரெசின், சுண்ணாம்புத் தூள் மூன்றையும் முன்பே பிசைந்து, சூடான அச்சில் அழுத்தி எடுப்பது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர உள்ளேயே ஒரு வழுக்குப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது மேற்பரப்பில் மட்டும் இல்லை, தகடு முழுக்க இருக்கிறது. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் அதில் சரியாகப் பிடிக்காது. இரண்டு வருஷம் கழித்து ஒட்டு முழுசாகப் பெயர்ந்து வரும். உங்கள் காருக்கு எபாக்ஸி, அல்லது எஸ்.எம்.சி.க்கென்றே விற்கும் பசை. எபாக்ஸியோடு நறுக்கு மேட் வைத்து அடுக்கினால் போதும்.

என்னுடைய 1972-க்குப் பாலியெஸ்டர் போதும். வினைல் எஸ்டர் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது, நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

15 மே 2022

நேற்று எழுதியதில் கடைசி வரிக்கு முந்தைய பகுதியில் ஒரு தவறு. எபாக்ஸியோடு சாதாரண நறுக்கு மேட் வைக்காதீர்கள். அந்த மேட்டில் நூல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் ஸ்டைரீன் இருக்கிறது, மேட் இளகி வளைவில் படியும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் அட்டை மாதிரி விறைத்து நிற்கும், மூலைகளில் காற்று தங்கும். எபாக்ஸிக்கு நெய்த துணி, அல்லது தையல் போட்டுச் சேர்த்த துணி.

சுட்டிக்காட்டிய பெரியவருக்கு நன்றி. அவர் நாற்பது வருஷம் படகு வேலை பார்த்தவர்.

15 மே, மறுபடியும்

எபாக்ஸியைப் பற்றி இன்னொன்று. பழைய பாலியெஸ்டர்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் ரெசினை நம்ப வேண்டாம். எபாக்ஸி காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தண்ணீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த வேலை. முதலில் உப்புத்தாளைப் போட்டால் படலத்தை உள்ளே தேய்த்துவிடுவீர்கள்.

29 மே 2022

படகு என்றதும் என் மாமா நினைவு வருகிறது. நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்கிறார், பழுதும் பார்க்கிறார். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியபோது தொழிலுக்கு வந்தவர். என் முதல் ஒட்டின் படத்தை அவருக்கு அனுப்பினேன். "மாப்ள, ஓட்டையை மட்டும் அடைச்சிருக்க. சுத்தித் தேய்க்கவே இல்லையே, அலை அடிச்சா மூடி மாதிரி கழண்டுரும்" என்றார். கிளீவ்லாண்ட் பக்கத்தில் காருக்கு அலை அடிக்காது மாமா என்றேன். "ரோட்டுல குழி இருக்குல்ல?" என்றார்.

அவர் சொல்லும் கணக்கு: தகட்டின் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகடு என்றால் 36 மில்லிமீட்டர் சரிவு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. முடிந்தால் இரண்டு பக்கமும். சிறிய துண்டை அடியில் வைத்து, போகப் போகப் பெரிய துண்டா, அல்லது பெரியதை முதலிலா என்று பெரிய சண்டையே உண்டு. மாமா பெரியதை முதலில் வைக்கிறார், அப்போது ஒவ்வொரு இழையும் பழைய தகட்டோடு நேராக ஒட்டுகிறது என்கிறார். நானும் அப்படியே செய்கிறேன்.

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) ரெசின் எடைக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பாலியெஸ்டர் ஒழுங்காக இறுகாது. அதைக் கேட்டலிஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்டக் கூடாது. ஓஹையோவில் எனக்கு மே முதல் செப்டம்பர்வரைதான் ரெசின் காலம்.

12 ஜூன் 2022

விளிம்பு கட்டும் முறையைக் கேட்டிருந்தீர்கள். ஷிம், கீல், பீடிங் எல்லாம் முடித்த பிறகும் இடைவெளி கோணலாக இருந்தால் மட்டும் இது.

கதவு விளிம்பில் அகலமான பார்சல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், அதன்மேல் மெழுகு. மட்கார்டு விளிம்பைப் பெயின்ட் இல்லாமல் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கதவை மூடி, மட்கார்டிலிருந்து மேட்டை இடைவெளிக்கு மேலே கொண்டுபோய்க் கதவின் டேப்மேல் கொஞ்சம் ஏறும்படி அடுக்குங்கள். இறுகியதும் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரே துண்டாக இருக்கும். அதன்மேல் கதவின் விளிம்பைக் கணக்காக வைத்து 5 மில்லிமீட்டரில் கோடு போட்டு, மெல்லிய அறுப்புத் தட்டால் அறுத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். பெயின்ட் கலக்க இலவசமாகத் தரும் மரக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி மேலும் கீழும் இழைத்தால் இருபுறமும் இணையாக வரும்.

கட்டுவது கண்ணாடி நூலும் ரெசினுமாகத்தான் இருக்க வேண்டும். விளிம்பில் வெறும் பட்டி நிற்காது. கதவை நூறு முறை சாத்தினால் நூற்றியோராவது முறை உதிரும்.

13 ஜூன் 2022

தூசி. நேற்றைய குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப், நல்ல வடிகட்டி முகமூடி. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் வேண்டாம் என்று மாமா சொல்வார், நான் வெந்நீரில் குளித்த ஒரு நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கியமாக.

10 ஜூலை 2022

பெயின்ட் உரிக்க ரசாயனம் போடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ரெசினுக்குள் ஊறி, பல மாதம் கழித்துப் புதுப் பெயின்ட்டின் அடியில் கொப்புளமாக வரும். மெத்திலீன் குளோரைடு கலந்த உரிப்பானைப் பொதுமக்களுக்கு விற்பதையே 2019-இல் இங்கே தடைசெய்துவிட்டார்கள், மூச்சடைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மணல் பீச்சவும் கூடாது, தகட்டின் மேல்தோலைக் கிழித்துவிடும்.

செயின்ட் லூயிஸ் கார்களில் ஆலைப் பெயின்ட் அக்ரிலிக் லாக்கர். ரேஸர் பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் சீவல் சீவலாக வரும். பிளேடின் மூலைகளை முதலில் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தகட்டில் கீறும். எனக்கு ஒரு கதவுக்கு இரண்டு மாலை ஆனது. சிவப்புக்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே மறுபடி சிவப்பு, கடைசியில் மஞ்சள். மஞ்சள்தான் பிறவி நிறம். சீவிக்கொண்டே போகும்போது எந்த ஒட்டு எந்த நிறத்தின் காலத்தில் போட்டது என்று தெரிகிறது: ரிவெட் வேலை கறுப்புக் காலம், நான் அழித்த நல்ல ஒட்டு மஞ்சள் காலத்துக்குக் கொஞ்சம் பின். உரிக்க முடியுமானால் ரசாயனத்தைவிட இதற்காகவே பிளேடை எடுக்கலாம்.

24 ஜூலை 2022

இந்தக் காரின் பானெட் முன்னால் கீல் வைத்து, பின்னால் இரண்டு பக்கமும் பூட்டுவது. கதவு முடிந்த பிறகே அதைத் தொடுங்கள். பின் மூலைகள் ஏறியிருந்தால் முதலில் அடியில் இருக்கும் ரப்பர் குமிழ்களைத் திருகிப் பாருங்கள். கழற்றிய பானெட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு குளிர்காலம் சாய்ந்திருந்த என் பானெட் ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டது. சமமாகத் தாங்கிப் படுக்க வையுங்கள். விளக்கு மூடிகள் பானெட்டுக்கும் பிறகு.

21 ஆகஸ்ட் 2022

போன வாரம் ஆஷ்டபுலா பக்கம் போயிருந்தேன். 1953-இல் முதல் கார்வெட்டின் ஃபைபர் பாகங்களை அச்சிட்ட மோல்டெட் ஃபைபர் கிளாஸ் நிறுவனத்தின் ஊர் அது. ராபர்ட் மாரிசன் தொடங்கியது. அந்த வருஷம் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் மொத்தமே 300 கார்தான் செய்தார்கள், எல்லாம் வெள்ளை. ஏரிக் கரையில் நின்றபோது, இங்கிருந்து போன தகடுகளைக் கையால் ஒட்டியவர்களையும் அவர்களுக்குப் பிறகு எழுபது வருஷமாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

கென்டக்கியின் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி எட்டுக் கார் குழிக்குள் விழுந்தது பலருக்குத் தெரியும். மூன்றை மட்டும் மீட்டெடுத்து, ஐந்தை நொறுங்கியபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அந்த ஐந்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். கிழிந்த தகட்டில் அடுக்கு, ஒட்டுப் பட்டை, பசை எல்லாம் தெரிகின்றன. ஒட்டுவேலை கற்றுக்கொள்கிறவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

4 செப்டம்பர் 2022

புது ஒட்டின்மேல் உடனே பெயின்ட் அடிக்க வேண்டாம். ரெசின் இறுகிய பிறகும் பல வாரம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் கோடையில் ஒட்டின் வடிவம் பெயின்ட்டின்மேல் நிழலாக எழும்பி வரும். ப்ரைமர் அடித்து ஆறு வாரம் வெயிலில் நிறுத்தினேன், தினமும் ஒரு பக்கம் சூரியனைப் பார்க்கும்படி திருப்பி. மூன்றாவது வாரம் வலது மட்கார்டில் ஒரு கோடு எழும்பியது. இழைத்தேன். மறுபடி எழும்பவில்லை. ஏப்ரலில் நான்கு வாரம் போதும் என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன், அதை ஆறாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

9 அக்டோபர் 2022

தம்பி எழுதியிருக்கிறார். சட்டம் நன்றாக இருக்கிறது. இடது பக்கம் நடு இருக்கைகள் இரண்டிலும் ஷிம் கரைந்திருந்தது. ஒன்றில் சாக்பீஸ் எழுத்து 2 என்று தெரிந்தது, மற்றதில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஒவ்வொரு ஷிம்மாக வைத்து, ஒவ்வொரு முறையும் காரை இறக்கி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து அளந்திருக்கிறார். நான்காவது முறை பின்பக்கம் மேலே 5, கீழே 6. முன்பக்கம் மேலே 5, கீழே 5. கதவு விளிம்பையோ மட்கார்டையோ தொடவில்லை.

உள்பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பின் மட்கார்டின் கீழே ஒரு கைவேலை ஒட்டு இருக்கிறதாம், மேட் நூல் தெரிகிறதாம், தட்டினால் கணீரென்கிறதாம். எடுத்துவிடவா என்று கேட்கிறார்.

அப்படியே விடுங்கள் தம்பி. உள்பக்கத்தைக் கழுவி ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.